துள்ளாத கால்

எண்ணெய்க்குள் கையை விட்ட ஷாஸியா வெளியே எடுத்தது ஒரு பல்லை.

கட்டைவிரல் பருமனில் இரும்புப் பல். முழுப் பல்கூட இல்லை. வெல்லக்கட்டியின் மூலையைக் கடித்தெடுத்த மாதிரி ஒரு முனை மட்டும். கந்தலில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் தவசிமுத்துவுக்குப் பொறுமை போயிற்று.

“உடைஞ்சது உடைஞ்சதுதான் மேடம். அதுல என்ன ஜாதகமா எழுதியிருக்கு?”

“எழுதியிருக்கு சார். படிக்கத்தான் கொஞ்சம் நேரம் வேணும்.”

இடம், காசிமேட்டில் ஞானதுரையின் படகுப் பட்டறை. மீன்பிடிப் படகுகளைக் கடலிலிருந்து சரிவுத் தளத்தில் இழுத்து ஏற்றிப் பழுது பார்க்கிற இடம். இழுப்பதற்கு ஒரு வின்ச் உண்டு: ஒரு மோட்டார், ஒரு கியர் பெட்டி, இரும்புக் கயிறு சுற்றிய உருளை. முந்தின நாள் காலை ஒரு படகு பாதிச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது கியர் பெட்டிக்குள் பற்கள் நொறுங்கின. படகு பின்னோக்கி ஓடிற்று. உருளையிலிருந்து அவிழ்ந்த கயிற்றின் நுனி சுழன்று, வின்ச்சை ஓட்டிக்கொண்டிருந்த லட்சுமணனின் கால் எலும்பை முறித்தது. அவன் இப்போது ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான்.

அந்தக் கியர் பெட்டியை மூன்று வாரம் முன்புதான் பிரித்துப் புதுப்பித்துப் பொருத்தினவன் பாரி. வியாசர்பாடிக்காரன், திருவொற்றியூரில் சின்னப் பட்டறை. வேலையில் கோளாறு என்று ஞானதுரை புகார் கொடுக்க, பாரி நேற்றிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். மாலைக்குள் எஃப்.ஐ.ஆர். எழுதப்படும். எழுதிவிட்டால் துறைமுகத்துக்குள் போகிற கேட் பாஸ் போய்விடும். கிரேனும் வின்ச்சும் துறைமுகத்துக்குள்தான் இருக்கின்றன. பாஸ் இல்லாத ஃபிட்டர் திருவொற்றியூரில் மாவு மிஷினுக்கு பெல்ட் மாட்டிப் பிழைக்க வேண்டியதுதான்.

ஷாஸியா இன்சூரன்ஸ் சர்வேயர். இஞ்சினியரிங் படித்தவள். எந்த யந்திரம் எதனால் செத்தது என்று கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. இப்போது குடியிருப்பது அண்ணா நகர் என்றாலும் பிறந்து வளர்ந்தது இங்கே ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்சந்தில். காலையில் தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தின் படியேறி வெயிலில் தலை நீட்டியதும் கருவாட்டு வாசனை வந்து மூக்கில் மோதியது. கர்ச்சீப்பை எடுக்கப்போன கையை அவளே கீழே இறக்கிக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று!

அவள் சின்னப் பெண்ணாக இருந்த நாளில் இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. கம்பெனிச் சங்குதான் கடிகாரம். முதல் சங்குக்கு அடுப்பு எரியும், இரண்டாம் சங்குக்கு சைக்கிள் கிளம்பும். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய விசேஷம் ஒன்று இருந்தது: புதுப் படகுக்கு அடிமரமான ஏரா வைக்கிற நாள். அன்றைக்குப் பொரி, வெல்லம், தேங்காய்ச் சில்லு. ஆனால் கொடுப்பதற்கு முன் எல்லோரையும், ஆசாரியைக்கூட, கொஞ்ச நேரம் அப்பால் போகச் சொல்லிவிடுவார்கள். படகுக்காரர் மட்டும் மரத்தோடு தனியே நிற்பார். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்கப் போய் ஷாஸியா ஒருமுறை முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறாள். திரும்பி வந்தால் வெல்லம். வெல்லத்துக்கு முன்னால் ரகசியம் எம்மாத்திரம்! நல்ல காலம் அது. அவளுக்கு அதை நினைத்தால் இப்போதும் நாக்கில் இனிப்பு ஊறும்.

“மேடம்,” என்றார் தவசிமுத்து.

“ஆங். வந்துட்டேன்.”

அதற்குள் வாசலில் சத்தம். சாத்தாங்காடு இரும்புக் கடை முப்பிடாதி வேகமாக வந்துகொண்டிருந்தார். பல் உடைந்த, பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்துக்கு இரும்பு கொடுத்தவர் அவர்.

“யாரு சொன்னது எங்க இரும்பு சரியில்லன்னு? கூப்பிடுங்க அந்த ஆள! மெட்ராஸ் பூராவும் எங்கிட்ட வாங்குதான். ஒருத்தன் ஒரு கொற சொன்னதில்ல!”

“யாரும் சொல்லலையே,” என்றாள் ஷாஸியா.

“சொல்லிருவாவல்ல? அதான் முந்தியே சொல்லுதேன்!”

“உங்க இரும்பு மேல தப்பு இல்ல அண்ணாச்சி. மட்டமான இரும்பா இருந்தா நடுவுலயும் உடையும், அடியோடயும் உடையும். இங்க உடைஞ்ச பல்லு எல்லாம் ஒரே ஓரத்துல, கடல் பக்கத்து மூலையில மட்டும் உடைஞ்சிருக்கு. பாரம் பல்லு முழுக்கப் பரவல. மூலையில மட்டும் உட்கார்ந்திருக்கு. மூணு வாரம் தாங்கிச்சு, அப்புறம் போயிருச்சு.”

முப்பிடாதி உடனே குளிர்ந்தார். “அப்ப மாட்டுனவந்தான் கோணலா மாட்டியிருக்கான்,” என்று பாரி தலையில் பழியைத் தூக்கி வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக ஒரு கயிற்றுச் சுருள்மேல் அமர்ந்தார்.

பட்டறைச் சொந்தக்காரர் ஞானதுரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துத் தோணிக்காரக் குடும்பம். காசிமேட்டுக்கு வந்து நாற்பது வருஷம். எழுபது வயசுக்கு நிமிர்ந்த உடம்பு. ஷாஸியா மூலையைப் பற்றிச் சொன்னபோது எழுந்து வந்தார். வின்ச் மேடையின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, உடைந்த பல்லைப் பார்த்துவிட்டு, பழையபடி போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மற்ற எல்லோரும் செருப்புக் காலோடுதான் மேடையில் நின்றிருந்தார்கள், போலீஸ் பூட்ஸ் உட்பட.

“ஐயா, பாரி பட்டறையில புளூ போட்டுப் பார்த்தப்போ நீங்க கூட இருந்தீங்களா?”

“இருந்தேம்மா.”

“எப்படி இருந்துது?”

“நல்லா இருந்துச்சு. பல்லு முழுக்கப் படிஞ்சிருந்துச்சு. அதப் பொய் சொல்ல முடியாது.”

புளூ என்பது ஒரு நீலப் பசை. ஒரு சக்கரத்தின் பற்களில் மெல்லிசாகத் தடவிக் கையால் சுற்றினால், எங்கெங்கே பல்லும் பல்லும் தொடுகிறதோ அங்கெல்லாம் மற்றதில் நீலம் ஒட்டும். முழுக்க ஒட்டினால் பொருத்தம் சரி. ஆக, பாரியின் பட்டறையை விட்டுக் கிளம்பும்போது பெட்டி யோக்கியமாகத்தான் இருந்திருக்கிறது.

ஷாஸியா குனிந்து வெளிப்புறத்தைப் பார்த்தாள். பச்சைப் பெயிண்ட். பெட்டிக்கு நாலு மூலையில் நாலு கால். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய போல்ட், கீழே கனத்த இரும்புத் தளத்தோடு இறுக்கியிருந்தது. கடல் பக்கத்து இடது காலின் அருகே மட்டும் தளத்தில் பெயிண்ட் பொட்டுப் பொட்டாக உரிந்திருந்தது. உப்புக் காற்று என்றார் தவசிமுத்து. உப்புக் காற்று ஒரு காலைப் பார்த்தா அடிக்கும் என்று ஷாஸியா கேட்கவில்லை. நகத்தால் சுரண்டி, விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

“சார், நான் ஸ்டான்லி போயிட்டு வரேன். வரும்போது பாரியும் இங்க இருக்கணும். ஸ்பானரோட.”

“அக்யூஸ்டை ஸ்பாட்டுக்கா? கையில ஸ்பானரையும் குடுத்து?”

“ஓடிப்போனா என் பேர்ல கேஸ் போடுங்க.”

உச்சி வெயிலில் ஆஸ்பத்திரி வார்டு கொதித்தது. காலில் கட்டோடு படுத்திருந்த லட்சுமணன் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

“ஏத்தும்போது ஒரு மாதிரி ஊளை வுட்டுகினே இருந்துது மேடம். மொதலாளியாண்ட சொன்னேன். புச்சு, பழகிக்கும்னாரு.”

“பெட்டியை இறக்கின அன்னைக்கு நீங்க இருந்தீங்களா?”

“இருந்தேன். பாரி தளத்தத் தொட்ச்சி வெச்சான். பெட்டி செயின்ல தொங்கிகினு கீது. மொதலாளி, போய் எல்லாரும் டீ குட்ச்சிட்டு வாங்கடானு அனுப்ச்சாரு. வந்து எறக்கிக்கினோம்.”

“அவரும் வந்தாரா டீக்கு?”

“அவரு எங்க வருவாரு. பெட்டிக்கு காவலா நின்னாரு.”

அவள் எழுந்தபோது அவனாகவே பேசினான். “பாரி எனுக்கு தோஸ்து மேடம். ஒண்ணா கில்லி ஆடனவன். அவன் பண்ண வேலைனு நம்பித்தானே கிட்ட நின்னேன்? இன்னும் ரெண்டு அடி தள்ளி நின்னுருந்தா கால் பொயச்சிருக்கும். இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

அவன் கண் கலங்கியிருந்தது. கால் வலியால் மட்டும் அல்ல.

ஷாஸியா திரும்பியபோது பாரி ஒரு போலீஸ்காரரோடு வந்திருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு ராத்திரியில் மனிதன் இவ்வளவு வாடுவானா!

“தளத்தில பொருத்தின பிறகு மறுபடி புளூ போட்டீங்களா?” என்று கேட்டாள்.

பாரி தலையைக் குனிந்தான். “இல்ல மேடம். அங்கியே பாத்தாச்சேனு வுட்டுட்டேன். போட்டு ஒண்ணு வெய்ட்டிங்ல கீது, சீக்ரம்னு மொதலாளி சொன்னாரு.”

“அது தப்பு. அந்தத் தப்பை நான் எழுதத்தான் செய்வேன். இப்ப போடுங்க.”

மிச்சமிருந்த பற்களில் புளூ தடவிச் சுற்றினான். கடல் பக்கத்து ஓரத்தில் மட்டும், சுண்டுவிரல் அகலத்துக்கு நீலம். முப்பிடாதி கயிற்றுச் சுருளில் இருந்தபடியே “நாந்தான் சொன்னம்லா” என்றார்.

“இப்ப நாலு போல்ட்டையும் தளர்த்திட்டு மறுபடி சுத்துங்க.”

தளர்த்தினான். சுற்றினான். இந்தத் தடவை நீலம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒழுங்காகப் படிந்தது. பாரி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான்.

“பெட்டியில கோணல் இல்ல,” என்றாள் ஷாஸியா. “போல்ட்டை இறுக்கும்போது பெட்டியே முறுக்கிக்குது. உள்ள இருக்கிற தண்டு சாயுது, பல்லு மூலையில தொடுது. தளத்துல ஏதோ இருக்கு. மறுபடி இறுக்குங்க. ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.”

டயல் கேஜ் என்கிற கருவியின் முள்ளைக் கடல் பக்கத்து வலது காலின் மேல் வைத்து, அந்தக் காலின் போல்ட்டை மட்டும் தளர்த்தினான். முள் சட்டென்று துள்ளியது. கால் மேலே எழும்பியிருக்கிறது.

“இந்தக் காலு குட்ட மேடம்! கீய ஒரு தகடு வெச்சா சரியாப்பூடும்.”

“அவசரப்படாதீங்க. அதை இறுக்கிட்டு எதிர்மூலையைப் பாருங்க.”

எதிர்மூலையும் துள்ளியது. மீதி இரண்டு கால்களும், கடல் பக்கத்து இடதும் அதன் எதிர்மூலையும், போல்ட்டைத் தளர்த்தினாலும் அசையவில்லை. முள் தூங்கியது.

“துள்ளுற ரெண்டுந்தான் குத்தவாளி,” என்று தீர்ப்பெழுதினார் முப்பிடாதி.

“கட்டில் போட்டிருக்கீங்களா அண்ணாச்சி? ஒரு காலுக்குக் கீழ கல்லை வச்சா எந்தக் கால் ஆடும்? கல்லு வச்ச கால் ஆடாது. பக்கத்து ரெண்டு கால்ல ஒண்ணு அந்தரத்துல நிக்கும். துள்ளுற கால் பாவம், அடி வாங்கினது. கல்லை மறைச்சு வச்சிருக்கிற கால் அமைதியாத்தான் இருக்கும்.”

“ரெண்டு கால் அமைதியா இருக்கே மேடம். எது?” என்றார் தவசிமுத்து. அவரே இப்போது மேடையில் மண்டியிட்டிருந்தார். யூனிஃபார்ம் முழங்காலில் எண்ணெய்.

ஷாஸியா கடல் பக்கத்து இடது காலின் ஓரத்துப் பெயிண்டைச் சுரண்டச் சொன்னாள். தாள் போன்ற இரும்புத் தகடுகள் கோத்த ஃபீலர் கேஜை எடுத்து, மெல்லிசான ஒன்றைக் காலுக்கும் தளத்துக்கும் நடுவே செருகினாள். உள்ளே போயிற்று. கொஞ்ச தூரம் போய் எதிலோ முட்டி நின்றது. எதிர்மூலைக் காலில் நுழையவே இல்லை.

பாரி கடப்பாரையை எடுத்தான்.

“இருங்க,” என்றாள். “தூக்குறதுக்கு முன்னாடி, என்ன இருக்குன்னு வச்சவங்களே சொல்லட்டும்.”

அவள் யாரையும் பார்க்காமல் பேசினாள்.

“இந்தக் கால்கிட்ட மட்டும் பெயிண்ட் பொட்டுப் பொட்டா உரிஞ்சிருக்கு. அடியில மெழுகு. மெழுகுவத்தி சொட்டு. மெழுகு மேல பெயிண்ட் நிக்காது. எங்க சந்துல மாதா கோயில் படியில எல்லாம் இந்தச் சொட்டைப் பார்த்து வளர்ந்தவ நான். பாரி தளத்தைத் துடைச்சப்போ மெழுகு இல்ல. பெயிண்ட் அடிச்சப்போ இருந்திருக்கு. நடுவுல நடந்தது ஒரே ஒரு விஷயம். எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க. ஏரா வைக்கிற நாள்ல எங்களை அனுப்புற மாதிரி.”

அவள் குரல் தாழ்ந்தது. “ஏரா மூட்டுல படகுக்காரங்க பொன் வைப்பாங்கன்னு பெரியவளான பிறகுதான் எங்க அத்தா சொன்னாரு. இங்க எல்லாரும் செருப்போட ஏறுற மேடையில ஒருத்தர் மட்டும் செருப்பைக் கழட்டுறாரு. ஞானதுரை ஐயா, நீங்க என்ன வச்சீங்க?”

கிழவர் ஸ்டூலிலிருந்து எழவில்லை. கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

“எம் பொஞ்சாதி ரோஸ்லினோட கம்மல் திருகாணி,” என்றார். “போன வருசம் அவ போயிட்டா. எங்கப்பா தோணிக்குப் பொன் வைப்பாவ, தாத்தாவும் வைப்பாவ. வச்சவன் வாய் தொறக்கப்புடாது, தொறந்தா பலிக்காதும்பாவ. பழைய வின்ச்சி ரெண்டு பேரக் கடிச்சிருச்சும்மா. ஆஸ்பத்திரிக்கிச் சோறு கொண்டு போனவ அவதான். இனி ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் வச்சேன்.”

பாரி கடப்பாரையால் காலை நெம்பினான். கீழே சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு பொன் தகடு. நசுங்கி, நசுங்கி, விசிட்டிங் கார்டு கனத்துக்கு வந்திருந்தது.

“மரம் விட்டுக்கொடுக்கும் ஐயா,” என்றாள் ஷாஸியா. “பொன்னைத் தனக்குள்ள வாங்கிக்கும். இரும்பு வாங்காது. இந்தக் கனம் போதும், பெட்டியை முறுக்க.”

“புகார் குடுத்தப்போ எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஓரத்துல பாரம்னு காலையில நீ சொன்னப்பதான் வயித்துல புளியக் கரைச்சிச்சு.”

“காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கரைஞ்சுதே. அவன் பெஞ்சில உட்கார்ந்திருந்தானே!”

சொன்ன பிறகு அவளுக்கே அது கொஞ்சம் உறைப்பாகப் பட்டது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

தவசிமுத்து எழுந்து முழங்காலைத் தட்டினார். “கம்மல் திருகாணிக்கு நான் எந்த செக்‌ஷன்ல போய்க் கேஸ் போடுறது?”

“என்ன செக்சனோ போடுங்க,” என்றார் ஞானதுரை. “பாரி பேரு இருக்கிற இடத்துல என் பேரப் போடுங்க.”

பாரி அந்தப் பொன்னைத் துடைத்துக் கிழவரின் உள்ளங்கையில் வைத்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஒரு வார்த்த சொல்லிருந்தா தளத்து ஓரமா ஒரு குயி அட்ச்சி குட்த்துருப்பேன் மொதலாளி. அதுல வெச்சிகினு இருந்துருக்கலாம். ராவெல்லாம் ஸ்டேசன்ல குந்திகினு, நாந்தான் எங்கியோ தப்பு பண்ட்டேன்னு நானே நம்பிட்டேன். எந்த எடத்துலனு மட்டும் தெர்ல.”

“மன்னிச்சிருய்யா.”

“என்னாண்ட சொன்னது போதும். அவனாண்ட வந்து சொல்லு.”

பார்வை நேரம் முடிகிற சமயத்துக்கு ஞானதுரையும் பாரியும் ஷாஸியாவும் ஸ்டான்லி வார்டுக்குப் போனார்கள். ஷாஸியா கட்டிலுக்குத் தள்ளியே நின்றாள். ஞானதுரை, நாற்பது வருஷத்தில் கூலிக்காரர் யார் முன்னாலும் குனியாதவர், லட்சுமணனின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பொன்னைக் காட்டினார். வாய் திறந்தால் பலிக்காது என்று நம்பியும், அவன் காதுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

லட்சுமணன் முதலாளியை ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. சுவர்ப் பக்கமிருந்து மெல்லத் தலையைத் திருப்பி, வாசலருகே உள்ளே வராமல் நின்ற பாரியைப் பார்த்தான்.

“இன்னாடா அங்கியே நின்னுகினு கீற?” என்றான். நல்ல காலைச் சுருக்கிக் கட்டிலில் கொஞ்சம் இடம் விட்டான். “வந்து குந்து.”

பாரி போய் உட்கார்ந்தான்.